பட்டைக்குள் ஓடும் சர்க்கரை

தாவரத்தில் சர்க்கரை உண்டாகும் இடம் வேறு, செலவாகும் இடம் வேறு. சூரிய ஒளி, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு, வேர் உறிஞ்சித் தரும் நீர் ஆகிய மூன்றையும் கொண்டு பச்சை இலை சர்க்கரையைத் தயாரிக்கிறது. வெளிச்சமே படாத மண்ணுக்குள் நீளும் வேர் நுனிக்கும், பருத்துக்கொண்டிருக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும், பால் பிடிக்கும் நெல்மணிக்கும், இன்னும் விரியாத குருத்துக்கும் அந்தச் சர்க்கரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பனையில், தலையிலுள்ள ஓலைக்கும் அடியிலுள்ள வேருக்கும் இடையிலான தூரத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். சர்க்கரை நீரில் தானாகப் பரவித்தான் போக வேண்டும் என்றால், ஒரே ஒரு மீட்டரைக் கடப்பதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும். தாவரத்துக்கு இதயம் கிடையாது, தசையும் கிடையாது. ஆனாலும் அதற்குள் மணிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான வேகத்தில், இரவும் பகலும், சர்க்கரைக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தாவர உடலில் இரண்டு குழாய்த் தொகுதிகள் உண்டு. ஒன்று சைலம். வேர் உறிஞ்சிய நீரையும் உப்புகளையும் மேலே கொண்டுபோவது அதன் வேலை. அதன் குழாய்கள் இறந்துபோன செல்களின் கூடுகள்; மரத்தில் நாம் கட்டை என்று சொல்லும் பகுதி பெரும்பாலும் சைலம்தான். மற்றொன்று ஃபுளோயம். சர்க்கரை போகும் வழி இதுதான். வேம்பு, புளி, மா போன்ற மரங்களில் இது பட்டையின் உட்புறத்தில், கட்டையை ஒட்டி, மிக மெல்லிய அடுக்காக இருக்கிறது. சைலத்தில் நீர் மேல்நோக்கி மட்டும் போகிறது. ஃபுளோயத்தில் அப்படி ஒரே திசை என்று எதுவும் கிடையாது. எங்கே சர்க்கரை மிஞ்சுகிறதோ அங்கிருந்து, எங்கே தேவைப்படுகிறதோ அங்கே போகும்.

ஃபுளோயச் சாறு எப்படி இருக்கும் என்று அறியத் தமிழ் வாசகர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பனம்பாளையிலிருந்து கலயத்தில் இறங்கும் இனிப்புச் சாறு ஃபுளோயச் சாறுதான். தைக்குப் பிறகு பனைகள் பாளை விடத் தொடங்குகின்றன. கோடை முழுதும் பதநீர்க் காலம். பனையேறி ஆண் பனையின் பாளையை மரக் கடிப்பால் பதமாக அழுத்தி நசுக்குகிறார். சில நாள் இப்படிப் பழக்கிய பிறகு அதன் நுனியைச் சீவுகிறார். வெட்டிய முகத்திலிருந்து துளித்துளியாகச் சாறு கசியத் தொடங்குகிறது. அதோடு வேலை முடிவதில்லை. காலையும் மாலையும் மரமேறி, பாளை அரிவாளால் அதே முகத்தில் மிக மெல்லிய ஒரு சீவலை எடுக்க வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் சாறு நின்றுவிடும்.

சாறு ஏன் நிற்கிறது என்பதில் ஃபுளோயத்தின் அமைப்பே அடங்கியிருக்கிறது. இந்தத் தொகுதியில் சர்க்கரையைச் சுமக்கும் பாகத்துக்குச் சல்லடைக்குழாய் என்று பெயர். நீளமான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்க, அவை சந்திக்கும் குறுக்குச் சுவர்களில் நுண்துளைகள் நிறைந்திருக்கும். துளையிட்ட அந்தச் சுவர்தான் சல்லடைத்தட்டு. குழாய்க்குள் கடும் அழுத்தத்தில் சாறு நிற்பதால், ஒரு வெட்டு விழுந்தால் செடியின் சர்க்கரை முழுதும் ஒழுகிப் போய்விடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத் தாவரம் இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. சல்லடைக்குழாய்க்குள் இருக்கும் ஒருவகைப் புரதம் அழுத்தம் திடீரெனக் குறைந்ததும் சல்லடைத்தட்டில் வந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்து, கேலோஸ் என்ற மாவுப்பொருள் துளைகளைச் சுற்றிப் படிந்து அவற்றைச் சிறுகச் சிறுக மூடுகிறது. பனையேறி நாள்தோறும் எடுக்கும் மெல்லிய சீவல், இப்படி அடைபட்ட முனைகளை நீக்கிப் புதிய முனைகளைத் திறந்துவிடுகிறது. சல்லடைத்தட்டை நுண்ணோக்கியில் எவரும் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, அது அடைபடும் என்பதையும் அடைப்பை எவ்வளவு சிறிய வெட்டால் நீக்கலாம் என்பதையும் இந்தத் தொழிலாளர்கள் கைப்பழக்கத்தில் கண்டுவைத்திருந்தார்கள். தாவரவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அறிவுக்கு உரிய இடத்தைத் தந்ததில்லை.

புதிதாக இறங்கும் பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் கடையில் வாங்கும் அதே சர்க்கரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். கனடாவில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு எடுக்கும் சாற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குளிர்காலத்தின் முடிவில் கட்டைப் பகுதியான சைலத்தில் ஓடும் சாறு. சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான் இருக்கும். அதனால் ஒரு லிட்டர் பாகு எடுக்க ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. பனையில் கிடைப்பது சர்க்கரைக்கென்றே அமைந்த குழாயின் சாறு.

பட்டை வழியாகத்தான் உணவு கீழே இறங்குகிறது என்பதற்கான முதல் தடயத்தைத் தந்தவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் மரத்தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தெடுத்துப் பார்த்தார். இலைகள் வாடவில்லை, நீர் வழக்கம்போல் கட்டை வழியே மேலே போய்க்கொண்டிருந்தது. ஆனால் வளையத்துக்கு மேலேயுள்ள பட்டை வீங்கியது. கீழேயுள்ள பகுதி வளராமல் நின்றது. இறங்க வேண்டிய ஏதோ ஒன்று வெட்டின் மேல் விளிம்பில் வந்து தேங்குகிறது என்பது தெளிவாயிற்று. 1837இல் ஜெர்மன் வனவியலாளர் தியோடர் ஹார்ட்டிக் நுண்ணோக்கியில் சல்லடைக்குழாய்களைக் கண்டார். 1860இல் மரப்பட்டையைக் கீறி அதிலிருந்து கசியும் இனிப்புச் சாற்றையும் விவரித்தார்.

இத்தனைக்குப் பிறகும் கருத்து வேறுபாடு தீரவில்லை. தண்ணீர் மரத்தின் உச்சிவரை எப்படி ஏறுகிறது என்பதற்குச் சரியான விளக்கம் தந்தவர்களில் ஒருவரான டப்ளின் பேராசிரியர் ஹென்றி டிக்சன், 1922இல் உருளைக்கிழங்கை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒரு கிழங்கு முற்றும் காலத்துக்குள் அதில் எவ்வளவு மாவுச்சத்து சேர்கிறது, அதைக் கொண்டுவரும் தண்டில் ஃபுளோயத்தின் குறுக்களவு எவ்வளவு என்று பார்த்தால், சாறு மணிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். இவ்வளவு நுண்ணிய, உயிர்ச்சத்து நிறைந்த குழாய்களில் அந்த வேகம் நடக்கவே நடக்காது என்று முடிவுகட்டி, சர்க்கரை கட்டை வழியாகத்தான் போக வேண்டும் என்றார். அவர் போட்ட கணக்கு சரி, எடுத்த முடிவுதான் தவறு. சில ஆண்டுகளிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் டிரினிடாடில் மேசன், மாஸ்கெல் என்ற இருவர் பருத்திச் செடிகளில் பட்டையை வளையமாக நீக்கியும், பட்டையைக் கட்டையிலிருந்து பிரித்து வைத்தும், மணிக்கணக்கில் சர்க்கரை அளவைச் சோதித்தும், போக்குவரத்து பட்டையில்தான் நடக்கிறது என்று 1928இல் நிறுவினார்கள். பின்னாளில் கதிரியக்கக் கார்பனை இலைக்கு ஊட்டி அது போகும் வழியைப் பார்த்தபோதும் அது ஃபுளோயத்திலேயே தென்பட்டது. டிக்சன் நம்ப மறுத்த அரை மீட்டர் வேகம், இன்று சாதாரணமாக அளக்கப்படும் வேகம்.

சல்லடைக்குழாயின் செல்லைப் போல வினோதமான உயிருள்ள செல் தாவரத்தில் வேறொன்று இல்லை. முதிரும்போது அது தன் உட்கருவை இழந்துவிடுகிறது. பெரிய நுண்குமிழி, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. சாறு தடையின்றி ஓடுவதற்காக உள்ளே இருந்ததில் பெரும்பகுதியைக் காலி செய்துவிட்டு, சவ்வை உயிரோடு காத்துக்கொள்கிறது. உட்கரு இல்லாத செல் தனியே பிழைக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணைச்செல் ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே தாய்ச்செல் பிரிந்து உண்டானவை. நுண்ணிய இணைப்பு இழைகள் வழியே புரதத்தையும் ஆற்றலையும் துணைச்செல் தந்துகொண்டே இருக்கும் வரை சல்லடைச்செல் உயிரோடிருக்கும். இலைக்காம்பில் ஓரிடத்தில் நீராவி பாய்ச்சி உயிர்ச்செல்களைக் கொன்றால் நீர் மேலே ஏறுவது தொடர்கிறது. சர்க்கரை கீழே இறங்குவது நின்றுவிடுகிறது. உயிர் இல்லாமல் ஃபுளோயம் வேலை செய்யாது.

இலையில் சர்க்கரை உண்டாவதற்கும் அது குழாயில் ஏறுவதற்கும் இடையே ஒரு நீண்ட ஏற்பாடு இருக்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்திலிருந்து மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. அவற்றைக் கொண்டு செல் சுக்ரோஸைக் கட்டுகிறது. பகலில் மிஞ்சுவதைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவுச்சத்தாக வைத்துக்கொண்டு, இரவில் அதை உடைத்து மறுபடி சுக்ரோஸாக்கி அனுப்புகிறது. இருட்டிலும் வேர் பட்டினி கிடக்காததற்கு இதுவே காரணம். குளுக்கோஸை அப்படியே அனுப்பாமல் ஏன் சுக்ரோஸாக்க வேண்டும் என்ற கேள்வி எழும். குளுக்கோஸ் வழியில் காணும் புரதங்களோடு எளிதில் வினைபுரியக்கூடியது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தம் வினைமுனைகளால் இணைந்து உண்டான சுக்ரோஸுக்கு அந்தக் குணம் இல்லை. நெடும்பயணத்துக்கு ஏற்ற சரக்கு அது. எல்லாத் தாவரமும் சுக்ரோஸையே அனுப்புகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிள் மரம் சார்பிட்டாலை அனுப்புகிறது. பூசணிக் குடும்பக் கொடிகள் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற பெரிய சர்க்கரைகளை அனுப்புகின்றன.

சுக்ரோஸைக் குழாய்க்குள் ஏற்றுவதில்தான் தாவரம் ஆற்றலைச் செலவிடுகிறது. பல பயிர்களில் சுக்ரோஸ் முதலில் இலைச்செல்லிலிருந்து வெளியேறிச் செல்சுவர்களுக்கு இடையிலுள்ள வெளியில் வந்து நிற்கிறது. அங்கிருந்து அதைப் பிடித்து, ஏற்கெனவே சர்க்கரை செறிந்திருக்கும் துணைச்செல்லுக்குள் தள்ள வேண்டும். செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு எதுவும் தானாகப் போகாது. அதற்காகத் துணைச்செல்லின் சவ்விலுள்ள பம்புகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன. அந்தப் புரோட்டான்கள் உள்ளே திரும்பி வர முயலும்போது, ஒரு கடத்திப் புரதம் ஒவ்வொரு புரோட்டானோடும் ஒரு சுக்ரோஸையும் சேர்த்து உள்ளே விடுகிறது. இந்தக் கடத்திக்குரிய மரபணு 1992இல் பசலைக் கீரை வகை ஒன்றிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இலைச்செல்லிலிருந்து சுக்ரோஸை வெளியே விடும் கதவுகளாக ஸ்வீட் என்ற புரதங்கள் இருக்கின்றன என்பது 2010க்குப் பிறகே தெரியவந்தது. பூசணிக் கொடிகளின் வழி வேறு. அவற்றில் சுக்ரோஸ் இணைப்பு இழைகள் வழியே துணைச்செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அங்கே ராஃபினோஸாகவும் ஸ்டாக்கியோஸாகவும் மாற்றப்படுகிறது. உருவம் பெருத்துவிட்டதால் வந்த வழியில் அதனால் திரும்ப முடியாது; குழாயில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படி ஏற்றப்பட்ட சர்க்கரையே ஓட்டத்துக்கான விசையையும் உண்டாக்குகிறது. இதை முறையாக விளக்கியவர் ஜெர்மன் வனவியலாளர் எர்ன்ஸ்ட் முன்ச். 1920களில் அவர் முன்வைத்து 1930இல் நூலாக வெளியிட்ட கருத்து, பாடநூல்களில் மொத்த ஓட்டக் கருதுகோள் என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. இலையில் சல்லடைக்குழாய்க்குள் சர்க்கரை செறிவதால், அருகிலுள்ள சைலத்திலிருந்து நீர் சவ்வூடு பரவல் மூலம் உள்ளே புகுகிறது. செல்சுவர் விரிந்துகொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வேரிலோ கிழங்கிலோ குழாயிலிருந்து சர்க்கரை இறக்கப்படும்போது அங்கே நீரும் வெளியேறி, அழுத்தம் குறைகிறது. ஒரு முனையில் அழுத்தம் அதிகம், மறுமுனையில் குறைவு. நடுவே குழாய் திறந்திருக்கிறது. கரைசல் மொத்தமாக ஓடத் தொடங்குகிறது. வழியில் எங்கும் தனியே பம்பு தேவையில்லை. வேரில் வெளியேறிய நீர் சைலத்தில் கலந்து மறுபடி மேலே ஏறிவிடுகிறது. எளிமையான இந்த விளக்கம் சரிதானா என்று சோதிப்பதுதான் எளிதாக இல்லை. குழாயைத் தொட்டாலே அது அடைத்துக்கொள்ளுமே!

அந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது அசுவினி. அவரைக் கொடியின் நுனியிலும் பருத்தித் தளிரின் அடியிலும் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும் இந்தப் பூச்சியின் வாயுறுப்பு மயிரினும் மெல்லியது. அதை அது செல்களின் இடுக்கு வழியே நுழைத்துச் சரியாக ஒரே ஒரு சல்லடைச்செல்லில் குத்தி நிறுத்துகிறது. அந்தச் செல்லும் அடைத்துக்கொள்வதில்லை. 1953இல் இங்கிலாந்தின் கென்னடி, மிட்லர் இருவரும், உறிஞ்சிக்கொண்டிருக்கும் அசுவினியை மயக்கி, வாயுறுப்பைச் செடியிலேயே விட்டு உடலை மட்டும் வெட்டி அகற்றினார்கள். அந்த நுண்குழலின் முனையிலிருந்து சாறு தானாகவே கசிந்துகொண்டிருந்தது. சில நேரங்களில் நாள்கணக்கில். உறிஞ்ச எவரும் இல்லாமலேயே சாறு வெளிவந்தது, உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதற்குக் கண்கூடான சான்று. எதுவும் கலக்காத ஃபுளோயச் சாற்றைச் சோதிக்கவும் இதனால் முடிந்தது. சுக்ரோஸ் அதில் 10 முதல் 25 சதவீதம் வரை இருக்கிறது. அமினோ அமிலங்கள், பொட்டாசியம், சில புரதங்கள், ஆர்.என்.ஏ. ஆகியவையும் உண்டு. உள்ளேயிருக்கும் அழுத்தம் பல தாவரங்களில் காற்றுமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு அளவில் இருக்கிறது. கார் டயரில் அடைக்கும் காற்றைவிட நான்கைந்து மடங்கு அதிகம்.

அசுவினிக்குச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சியே கிடைக்கிறது. உடல் வளர வேண்டிய அமினோ அமிலங்கள்தான் சாற்றில் குறைவு. அவற்றுக்காக நிறையச் சாற்றைக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை இனிப்புத் துளிகளாகக் கழிக்கிறது. அந்தத் துளிகளைத் தேடித்தான் எறும்புகள் செடியேறி வருகின்றன. அவை படிந்த இலையில் கரும்பூசணம் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் இதே போலத்தான். நெல்வயலில் வட்டவட்டமாகப் பயிரைக் காயவைக்கும் புகையான் பூச்சியும் தூரின் அடியில் உட்கார்ந்து ஃபுளோயச் சாற்றைத்தான் குடிக்கிறது.

முன்ச்சின் கருத்து மீது ஒரு சந்தேகம் நெடுநாள் நீடித்தது. சிறு செடிக்கு இது பொருந்தலாம். உயர்ந்த மரத்தில், ஆயிரமாயிரம் சல்லடைத்தட்டுகளைத் தாண்டிச் சாற்றை நகர்த்த இந்த அழுத்தம் போதுமா என்பதே அது. அமெரிக்காவில் மைக்கேல் நோப்லாக் தலைமையிலான குழு 2016இல் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு, அதன் நீளம் கூடக்கூடக் குழாய்க்குள் என்ன மாறுகிறது என்று அளந்தது. கொடி நீண்டபோது இலைப்பக்க அழுத்தமும் உயர்ந்தது. சாறு ஓடுவதற்கான தடையைக் குறைக்கும் விதத்தில் சல்லடைத்தட்டின் துளைகளும் குழாய்களும் அகன்றன. தூரத்துக்கேற்பத் தாவரம் தன் குழாயைத் திருத்திக்கொள்கிறது. இன்றைய நிலவரப்படி முன்ச்சின் விளக்கமே நிற்கிறது.

பெறும் இடங்களுக்குள் போட்டி உண்டு. கரைசலை எந்தப் பகுதி வேகமாக இறக்கிக்கொள்கிறதோ, அந்தப் பக்கமே ஓட்டம் திரும்பும். உழவர் செய்யும் பல வேலைகளுக்கு இதுவே அடிப்படை. தக்காளியில் பக்கக் கிளைகளைக் கிள்ளுவதும், கொத்தில் நெருக்கமாகப் பிடித்த காய்களைக் கலைப்பதும், மீதியுள்ள காய்களுக்குச் சர்க்கரையைத் திருப்பிவிடும் வேலை. நெல்லில் கதிருக்கு மேல் நிற்கும் கண்ணாடி இலையைக் காப்பாற்றுவதற்கு வேளாண் அலுவலர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். மணியில் சேரும் மாவுச்சத்தில் பெரும்பங்கு கடைசி இரண்டு மூன்று இலைகளிலிருந்து வருகிறது. பெண் பனையிலும் இதே போட்டி. சீவிய பாளையில் நுங்கு கிடைக்காது. நுங்கு பிடிக்க விட்ட பாளையில் பதநீர் இறங்காது. ஒரே சர்க்கரைதான், போகும் இடம் வேறு.

கரும்பு இந்தப் போட்டியில் ஒரு விதிவிலக்கு. மற்ற பல பயிர்கள் விதையிலோ கிழங்கிலோ மாவுச்சத்தாக மாற்றிச் சேர்ப்பதைக் கரும்பு தண்டிலேயே சுக்ரோஸாக வைத்துக்கொள்கிறது. ஃபுளோயம் கொண்டுவந்து இறக்கிய சுக்ரோஸ் தண்டுச் செல்களின் நுண்குமிழிகளில் நிறைகிறது. இளங்கரும்பில் இன்வெர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து வளர்ச்சிக்குச் செலவிடுகிறது. கரும்பு முற்றி வளர்ச்சி நிற்கும்போது நொதி அடங்கி, சுக்ரோஸ் அப்படியே தங்குகிறது. வெட்டுவதற்கு முன் சில வாரம் பாய்ச்சலை நிறுத்துவது இந்த முதிர்ச்சியைத் தூண்டுவதற்காகவே. வெட்டிய கரும்பை ஆலை வாசலில் நாள்கணக்கில் காயவிட்டால் சுக்ரோஸ் மறுபடி உடையத் தொடங்கிச் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் அளவு, குறைகிறது. விலையில் அந்த இழப்பைச் சுமப்பவர் விவசாயி என்பதால், ஆலையின் வெட்டும் உத்தரவும் வண்டியும் ஒருங்கே கிடைப்பது அவருடைய நியாயமான எதிர்பார்ப்பு.

சர்க்கரை ஓடும் வழியை நோய்க்கிருமிகளும் கண்டுகொண்டிருக்கின்றன. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிகள் தாவரத்தில் சல்லடைக்குழாய்க்குள் மட்டுமே வாழ்பவை. கத்தரியில் சிற்றிலை நோய், பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளைப் பாதித்துவரும் வேர்வாடல் நோய் ஆகியவை இவற்றால் வருபவை. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய் இன்னும் நுட்பமானது. இதன் பாக்டீரியா ஒரு புரதத்தை நெற்செல்லுக்குள் செலுத்தி, ஸ்வீட் கதவுக்குரிய மரபணுவை முடுக்கிவிடுகிறது. செல்லிலிருந்து சர்க்கரை வெளியே கசிய, பாக்டீரியா அதைத் தின்று பெருகுகிறது. சில நெல் வகைகளில் இந்த மரபணுவின் முடுக்குப் பகுதி இயற்கையிலேயே மாறியிருப்பதால் பாக்டீரியாவின் புரதத்தால் அதைத் தொட முடிவதில்லை. அந்த எதிர்ப்புத் தன்மையையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் கலப்பின முறையில் சேர்த்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியானது.

ஃபுளோயத்தில் போவது உணவு மட்டுமல்ல. பகல் குறுகியதும் பூக்கும் பழைய சம்பா ரகங்களில், பகலின் நீளத்தை உணர்வது இலை. பூக்க வேண்டியது தண்டு நுனி. இலையில் உண்டாகும் ஒரு சிறு புரதம் ஃபுளோயம் வழியே நுனிக்குச் சென்று பூக்கும் காலம் வந்துவிட்டது என்று அறிவிக்கிறது. இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1930களிலேயே ஊகிக்கப்பட்டது. நெல்லில் அந்தப் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள்.

பனை, தென்னை போன்ற ஒருவித்திலை மரங்களின் ஃபுளோயம் இன்னொரு வகையில் வியப்பானது. மாமரம் ஆண்டுதோறும் பட்டைக்கடியில் புதிய ஃபுளோயத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பழையது ஓரிரு பருவத்தில் ஓய்ந்துவிடும். பனைக்கு அந்த வசதி இல்லை. தண்டு உருவானபோது அமைந்த சல்லடைச்செல்கள்தான் மரம் இருக்கும் வரை வேலை செய்ய வேண்டும். உட்கரு இல்லாத அந்தச் செல்கள், துணைச்செல்களின் தயவில், பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கின்றன. உட்கருவை இழந்த செல்களில் இவ்வளவு நீண்ட பணிக்காலம் கொண்டவை அரிது. அதோடு, பனையிலும் தென்னையிலும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுதும் சிதறிக் கிடக்கின்றன. ஏறுவதற்காகத் தென்னையில் படி வெட்டினாலும் மரம் சாகாததற்கு இதுவே காரணம்.

வேம்புக்கும் புளிக்கும் பூவரசுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் சர்க்கரை வழி முழுதும் பட்டைக்கடியிலுள்ள மெல்லிய அடுக்கில் இருக்கிறது. மாதுளையிலும் கொய்யாவிலும் பதியம் போடுபவர்கள் இந்த உண்மையைப் பயன்படுத்துகிறார்கள்: கிளையில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டினால், மேலிருந்து இறங்கும் சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் வெட்டின் மேல் விளிம்பில் தேங்க, அங்கே கிளை வேர் விடுகிறது. அதே வளையம் அடிமரத்தில் விழுந்தால் கதை வேறு. இலைகள் சில மாதம் பசுமையாகவே இருக்கும். கீழே வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்க்கும். தீர்ந்ததும் மரம் பட்டுப்போகும்.

வெட்டாமலேயே இந்த வளையம் விழுவதும் உண்டு. தெருவோரக் கன்றுகளுக்குக் கூண்டு கட்டும்போதும், விளம்பரப் பலகை தொங்கவிடும்போதும் சுற்றிய கம்பி அப்படியே விடப்படுகிறது. தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைகிறது. கம்பிக்கு மேலே மரம் மோதிரமாக வீங்கியிருந்தால், இறங்க வழியில்லாத சர்க்கரை அங்கே தேங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மரக்கன்று நட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்து, கட்டிய கம்பியையும் கயிற்றையும் தளர்த்திவிடுங்கள்; கன்று தானே நிற்கும் வலுவைப் பெற்றதும் அறுத்தெடுத்துவிடுங்கள்.